பிக் அப்

இங்கிலீஷில் பிக் அப் என்றால் குனிந்து எடுப்பதாம், வண்டியில் போய்க் கூட்டி வருவதாம், கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்வதாம், படுத்த வியாபாரம் எழுந்துகொள்வதும் அதேதானாம். ஒரே சொல் எப்படி இத்தனை வேலை பார்க்கிறது என்று திலகவதிக்குத் தலை சுற்றியது. ஸ்டெல்லா டீச்சரின் வகுப்பில் அர்த்தத்தை எழுதக் கூடாது, நடித்துக் காட்ட வேண்டும். அவள் எழுந்து போய்க் கீழே கிடந்த சாக்பீஸை எடுத்துக் காட்டினாள்.

"சரி, அடுத்த அர்த்தம். போன் அடிக்குதுன்னு வச்சுக்குங்க."

அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்த போன் நிஜமாகவே அடித்தது. வகுப்பே கைதட்டிச் சிரித்தது. திரையில் அமுதினி என்றிருந்தது. வேற்று மொழிக்காரனைக் கட்டிக்கொண்டு போன மகள். அன்றிலிருந்து அவள் கூப்பிட்டு இவள் எடுத்ததில்லை. ஆனாலும் பேத்தி பிறந்த சேதி காதில் விழுந்ததும், அவளோடு பேச இங்கிலீஷ் வேண்டுமே என்று வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

"எடுங்கக்கா, கட்டாயிடப் போகுது!" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

நடிப்பா நிஜமா என்றே புரியாமல் எடுத்துக் காதில் வைத்தாள். வகுப்பில் படித்த வாக்கியம்தான் வாயில் வந்தது.

"ஹலோ... ஹூ இஸ் ஸ்பீக்கிங்?"

"வெரி குட்!" என்றார் டீச்சர்.

மறுமுனையில் அமுதினியின் குரல் கேட்டது. "அம்மா, என்னைத் தெரியலையா?"

இதற்கான பதிலை வகுப்பில் இன்னும் நடத்தியிருக்கவில்லை. திலகவதி டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.