தட்டோடு விழுந்தது

"மறுபடியும் கீழ போட்டுட்டீங்களா?"

தங்கைக்குச் சுர்ரென்று ஏறியது. முதல் தடவை விழுந்தபோது, "பரவாயில்லை, வேற குடுங்க" என்று பெரிய மனசு பண்ணியிருந்தாள். இது இரண்டாவது தடவை. பொரித்த சிக்கன் துண்டு இரண்டும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் தரையில் கிடந்தன.

"கை தவறிடுச்சும்மா" என்றாள் கவுண்டரில் நின்ற பெண். நாற்பது வயதிருக்கும். முகத்தில் பெரிதாக வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"கையா அது, சல்லடையா? கடை திறந்து முதல் போணியே நாங்கதான். வாயும் வயிறுமா எங்கக்கா அங்க பசியோட உட்கார்ந்திருக்கா. ஆசைப்பட்டுக் கேட்டதே இது ஒண்ணுதான்!"

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "அவங்களுக்கா? பன்னும் வெண்ணெயும் தரட்டுமா? இப்பதான் வந்துச்சு."

"சிக்கன் கேட்டா பன்னா? மேனேஜரைக் கூப்பிடுங்க."

"விடுடி" என்றாள் அக்கா, நாற்காலியிலிருந்தே.

விடுகிற ஆளா அவள்? பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். மேனேஜர் கையைப் பிசைந்தபடி ஓடி வந்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். நானே எடுத்துத் தர்றேன்."

"நீங்களும் கீழ போடவா? இருக்கிறதை எல்லாம் வெளியே கொண்டு வாங்க. நானே பார்த்து எடுத்துக்கறேன்."

மேனேஜர் உள்ளே போய், பெரிய தட்டு நிறையச் சிக்கனை ஏந்திக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்தா கவுண்டர் பெண் குறுக்கே திரும்ப வேண்டும்? முழங்கை இடித்தது. தட்டோடு மொத்தமும் தரையில்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தொப்பியைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு" என்று பல்லைக் கடித்தார் மேனேஜர். "இனிமே இந்தப் பக்கமே வராதே!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"இதை முதல்லயே செஞ்சிருக்கணும்" என்றாள் தங்கை. சொன்ன பிறகு, என்னவோபோல் இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "நியாயம் கேட்டே, சரி. ஒருத்தி வேலைக்கே உலை வெச்சுட்டியேடி."

"நானா அனுப்பச் சொன்னேன்?"

"இப்ப என்கிட்டயும் வாதாடு. அதோ, பஸ் நிறுத்தத்துல உட்கார்ந்திருக்காங்க பாரு. போய்ப் பேசு."

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத நாக்கு. தடுமாறியது. "ஏங்க... உங்க வேலை போகணும்னு நான் நினைக்கல. ஆனா மூணு தடவை கை தவறினா யாருக்குத்தான்..."

"தவறலம்மா. வேணும்னுதான் போட்டேன்."

"என்னது?"

"நேத்து மிஞ்சின சிக்கன். வாடையே வந்துடுச்சு. திரும்ப எண்ணெயில போட்டு எடுத்து வித்துடுன்னார் மேனேஜர். கொட்டிடலாம் சார்னு கெஞ்சிப் பார்த்தேன். அசையல. தரையில விழுந்தா மட்டும்தான் அங்க எதுவும் குப்பைக்குப் போகும்."

பின்னாலேயே வந்திருந்த அக்காவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. கண் நிறைந்துவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

தங்கைக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. "என் காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா? வாங்காமப் போயிருப்பேனே!"

"நீங்க போயிருப்பீங்க. உங்களுக்குப் பின்னாடி நின்னவங்க?"

தங்கை சட்டென்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"அட, நான்ல உங்களுக்குச் சொல்லணும்! ரெண்டு ரெண்டா எத்தனையைத்தான் நான் கீழ போடறது? நீங்க போட்ட சத்தத்துலதானே தட்டோட வெளியே வந்துச்சு!"