பன்னிரண்டாவது சொல்

“பிட்காயின்னா பேங்க் இல்லக்கா, போய் அழுது கேக்குறதுக்கு. பன்னெண்டு வார்த்தைதான் சாவி. ஒண்ணு தப்பினாலும் வீடு வித்த காசு அத்தனையும் கோவிந்தா,” என்றான் தம்பி ஞானவேல்.

சாகக் கிடந்த கணவர், இங்கிலீஷ் தெரியாத செண்பகவல்லி மறந்துவிடக் கூடாதென்று, அவற்றைத் தமிழாக்கி ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். பதினொன்றைத் திரும்ப இங்கிலீஷாக்கி அடித்தாயிற்று. கடைசிச் சொல் ‘ஆறு’. ஞானவேல் நதி என்று நினைத்து அடித்தான், திறக்கவில்லை. எண் என்று நினைத்து அடித்தான்; அதற்கும் அசையவில்லை.

“எந்த ஆறுக்கா? நல்லா யோசி.”

அவள் கண்ணை இறுக மூடினாள். அன்று அவள் தலையிலடித்துக்கொண்டு அழுதபோது, அவர் அவள் கையைப் பற்றி “ஆறு...” என்றார். அதற்குமேல் மூச்சில்லை.

“ஏண்டா, ‘ஆறுதலா இரு’ன்னு சொல்ல வந்திருப்பாரோ?”