வெட்டு வரிசை

1986 வரை, வள்ளி சர்க்கரை ஆலையில் கரும்பு ஆபீசர் மணவாளன் கைகாட்டிய வயலில்தான் அரிவாள் இறங்கும். 1987இல் வெட்டும் வரிசையைக் கம்ப்யூட்டர் போட ஆரம்பித்தது. அதற்குப் புரோகிராம் எழுதிய குணசுந்தரியிடம் மணவாளன் போய்க் குழைந்தார்.

"எங்க மாமனார் கரும்பு காய்ஞ்சுகினு கெடக்குதும்மா. கொஞ்சம் முன்னாடி போடேன்."

"நட்ட தேதிப்படிதான் சார். திருத்தணி மலை முருகனே எறங்கி வந்து சொன்னாலும் வரிசை மாறாது."

"யாரும்மா உன்னை இப்படி எழுதச் சொன்னது?"

குணசுந்தரி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"நீங்கதான் சார். பத்து வருஷம் முன்னாடி எங்க நைனா கரும்பு காயுதுன்னு உங்க கால்ல விழுந்தப்போ, இதே வார்த்தைய சொல்லித் தொரத்திட்டு, அவருக்குப் பின்னாடி நட்டவங்க கரும்ப வெட்டுனீங்க. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். நீங்க சொன்னத ஒரு எழுத்து மாத்தாம மெஷினுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்."