பேச்சிராஜாவின் பொட்டலம்

"ஏட்டி, அது கேரம் பவுடரு. நான் சொல்லுதத கேளு..."

"வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு? மொதல்ல அதைச் சொல்லுங்க..."

இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் பேச்சும் யார் காதிலும் விழவில்லை.

மாரிசெல்வியின் உள்ளங்கையில் சின்னக் காகிதப் பொட்டலம். துவைக்க எடுத்த புருஷன் பேச்சிராஜாவின் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே வெள்ளைத் தூள்.

தாராவியில் அவர்கள் இருக்கும் சந்தில் அப்படியொரு பொட்டலத்தைப் பார்த்தால் யாரும் பெயர் கேட்கமாட்டார்கள். எம்டி. மும்பைச் சந்துகளில் விற்கிற போதைத் தூள்.

பேச்சிராஜா அதை விட்டு நாலு வருஷம். அதற்கு முன்னால் அதற்காகவே ரயில் வாசலில் நிற்பவர்கள் கையைத் தட்டி செல்போன் பறித்தான். ஒன்றேகால் வருஷம் ஜெயிலில் இருந்தான். வெளியே வந்தபோது டீ கிளாசைச் சிந்தாமல் பிடிக்க வராது.

தோல் பை தைக்கிற நஜிமுதீன் பாய்தான் அவனுக்கு வேலை கொடுத்தார். பட்டறைக்கு மேலே நாலு கேரம் போர்டு போட்டுக் கிளப் நடத்துகிறவர். சாயங்காலம் அங்கேயும் ஏறி வரச் சொன்னார். ஆடச் சொல்லவில்லை. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வை, அது அசையாமல் விரலை எடு, அவ்வளவு போதும் என்றார்.

அதற்கே நாலு மாதம் ஆயிற்று. ஒருநாள் விடாமல் போனான்.

அந்த விரல்தான் போன வருஷம் முலுண்டில் கோப்பை வாங்கியது. இன்றைக்குப் பத்து மணிக்குச் செம்பூரில் இறுதி ஆட்டம்.

கிளப்புக்கு ஒரே சட்டம். மறுபடி தூளைத் தொட்டவன் மேலே ஏறும் இரும்பு ஏணியில் கால் வைக்கக்கூடாது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும்.

மாரிசெல்வி செருப்பை மாட்டிவிட்டாள். நேரே பாயிடம் காட்டிவிட்டு, அப்படியே பாண்டுப்பில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். நான் தொடவே இல்லை என்றான் அவன். தொட்டதைப் பற்றி யார் கேட்டது, இந்த வீட்டு வாசலை அது எப்படித் தாண்டலாம் என்றாள்.

நம்பிக்கை இல்லையென்றால் நாக்கில் வைத்துப் பார் என்றான்.

வைத்தாள். கசக்கவில்லை.

அவள் தோள் இறங்கியது. சண்டை இறங்கவில்லை.

கிளப்பில் டப்பா டப்பாவாகப் பவுடர் கிடக்கும்போது இவன் சட்டைப் பையில் எதற்கு? அதுவும் அந்தப் பொட்டலம் மாதிரியே மடித்து, நுனியைச் செருகி? ஏமாற்றுவது என்றால் யாரை ஏமாற்ற?

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். செம்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் தரையில் உட்கார்ந்தான்.

வேலை முடிந்து பட்டறையை விட்டு வெளியே வந்தால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறதாம். இன்றைக்கும். பை காலியாக இருந்தால் கால் பழைய சந்துக்குத் திரும்பிவிடுமோ என்று பயமாம். அதனால் தினமும் காலையில் கேரம் பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்து மடித்து வைத்துக்கொள்வான். கை தேடும். தேடியது இருக்கும். பிடித்துக்கொண்டே ஏணி ஏறி, பொட்டலத்தைப் பிரித்து போர்டில் தூவி, அதன் மேலேயே ஆடுவான். இரண்டரை வருஷமாக. பாய்க்குக் கூடத் தெரியாது. நேற்று மட்டும் இறுதி ஆட்டத்தின் நினைப்பில் தூவ மறந்துவிட்டான்.

"எல்லாரும் நான் ஜெயிச்சுட்டேன்னு சால்வை போடுதாங்க, செல்வி. நான் இன்னும் தினம் ஒண்ணு மடிக்கேன்."

அந்தச் சால்வை போட்ட கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்து கைதட்டியவள் அவள். அன்றைக்குக்கூட அவனை இப்படிப் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய ஆளா இவன் என்கிற மாதிரி.

செருப்பைக் கழற்றினாள்.

எதிரே உட்கார்ந்து, பிரிந்து கிடந்த காகிதத்தைத் திரும்ப மடித்தாள். மூன்று மடிப்பு. நுனியைச் செருகினாள். அவன் மடிப்பதை விட வேகமாக.

அவன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இஸ்திரி போட்ட சட்டையின் பையில் பொட்டலத்தை வைத்து அவனிடம் நீட்டினாள். நீட்டிய சட்டையை விடவில்லை.

"அப்போ நீங்க ஒளிச்சு வச்ச எம்டியில நானும் கிள்ளி எடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். போலீஸ் உங்களைக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு, கதவைச் சாத்திக்கிட்டு ஒத்தையில கிடந்து அந்தப் பழக்கத்தை விட்டேன். நாளையில இருந்து எனக்கும் ஒண்ணு மடிச்சுத் தாங்க."