ஊசிமுனை

ஒட்டுசுட்டானில் இப்போதுதான் விடிகிறது. தையல் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் வீட்டுப் படலையடியில் உறுமிக்கொண்டு நிற்கிறது. சுகிர்தா மகளின் வெள்ளைச் சட்டையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பு மடிப்பாக விரலால் தடவுகிறாள். நேற்று அவளுடைய மெசினில் ஊசி உடைந்தது. துண்டுகளையெல்லாம் காந்தத்தால் பொறுக்கி, பொருத்திப் பார்த்து, ஒன்றும் குறையவில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனாலும் ஒரு முனை தன் உடுப்போடு வீட்டுக்கு வந்திருந்தால்? பிள்ளையின் தோலுக்குள் இறங்கினால்? "இஞ்சேரும், இன்னும் எத்தினை தரம் பாப்பீர்? பஸ் வெளிக்கிடப் போகுது," என்கிறான் கணவன். "கடைசித் தரமப்பா." சட்டையை மகளுக்குப் போட்டுவிட்டு ஓடுகிறாள். பஸ்ஸில் கால் வைக்கையில் திரும்பிப் பார்க்கிறாள். வாசலில் பிள்ளை கழுத்தை அசைக்காமல், மூச்சைப் பிடித்தபடி நிற்கிறது. "அம்மா, நீங்கள் கொலரைப் பாக்கேல்லை."