மூன்று விளக்கும் ஒரு முன்பல்லும்

மனைவியை முக்காலியில் உட்காரவைத்து, அவளுடைய மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்தபடி, பல்லுக்காரர் பட்டறையின் கூரையைப் பார்த்தார்.

கூரையில் மூன்று குழல் விளக்குகள் வரிசையாகத் தொங்கின. மூன்றும் அன்று காலையில் வாங்கி வந்தவை.

பல்லுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அளவுக்கேற்பப் பீங்கானில் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். ஊரில் பாதிப்பேர் அவர் தயவில் சிரித்தார்கள்.

அவர் வீட்டில்தான் சிரிப்பு இல்லை.

சென்ற மாதம் பட்டறை அலமாரியின் கதவு இடித்து, மனைவியின் முன்பல் ஒன்று உடைந்துபோயிற்று. அன்று முதல் அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினாள்.

மறுநாள் அலுவலகத்தில் அவளுக்குப் பணிநிறைவு விழா. மேடையேறிப் பேச வேண்டும். புதுப் பல் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகவில்லையென்றால் விழாவுக்கே போவதில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

பல்லுக்காரர் ஒன்றுக்கு இரண்டாகச் செய்து பார்த்துவிட்டார். பட்டறைக்குள் இரட்டைப் பிள்ளைகளாக இருந்த புதுப் பல்லும் பக்கத்துப் பல்லும், வாசலுக்கு வந்ததும் மாற்றாந்தாய் மக்களாகிவிட்டன.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி பல்லுக்காரருக்கும் தெரியும். ஆகவே அவர் கூடத்தைக் குறை சொல்லவில்லை, விளக்கைச் சொன்னார்.

விளக்குப் பெட்டியில் அச்சிட்ட எண் சிறியதாக இருந்தால் ஒளி மஞ்சளாகவும், பெரியதாக இருந்தால் நீலம் பாய்ந்தும் இருக்கும் என்று விளக்குக் கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார். காலையில் கற்ற அந்த வித்தையைப் பகலுக்குள் பரம்பரைச் சொத்தைப்போல் மனைவிக்கு விளக்கினார் பல்லுக்காரர். நிறம் பார்த்தே சோறு தின்றவர் இத்தனை காலமும் அந்த எண்ணைப் படித்ததே இல்லை என்பதை மட்டும் விளக்கத்தில் சேர்க்கவில்லை.

முதலில் மூவாயிரம் எண் விளக்கைப் போட்டார். இரண்டு பற்களும் வெண்ணெயில் செய்தவைபோல் இணைபிரியாமல் நின்றன.

நாலாயிரத்தில் புதுப் பல் சற்றே சாம்பல் பூத்தது.

ஆறாயிரத்து ஐந்நூறில், அளவுக்கு மீறி நீலம் போட்டு வெளுத்த சட்டையைப்போல் அது தனித்து நின்றது. பக்கத்துப் பல்லோ, மற்ற பற்களோடு ஒன்றிப்போய், ஒன்றுமே நடவாததுபோல் இருந்தது.

மனைவி ஏதோ சொல்ல முயன்றாள். உதடு அவர் கட்டைவிரலில் மாட்டியிருந்ததால் அது "ஆ, ஊ" என்று வந்தது. பல் காய்ந்து வெளுப்பதற்குள் பார்த்துவிட வேண்டும், அசையாதே என்று அடக்கினார்.

மறுபடி மூன்றையும் அணைத்து அணைத்துப் போட்டார். மின்சாரத்தைக் குறை சொன்னார். பீங்கான் தூளைக் குறை சொன்னார். குறை சொல்ல வேறொன்றும் அகப்படாதபோது, பெருந்தன்மையோடு தோல்வியை ஒப்புக்கொண்டார்.

"பக்கத்துப் பல்லப் பாரு, எந்த வெளிச்சத்துலயும் அசையல. கடவுள் பண்ண பல்லுன்னா சும்மாவா? அதுகூட மனுஷன் கை போட்டி போட முடியுமா?"

மனைவி தலையை இடமும் வலமும் ஆட்டினாள். தம்முடைய அடக்கத்தை மெச்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவர் விரலை எடுத்தார்.

அவள் உதட்டைத் தடவிக்கொண்டாள்.

"அது கடவுள் பண்ணதில்ல, நீங்க பண்ணது. பெரியவன் பொறந்த வருஷம் மாடிப்படியில விழுந்தேனே, அப்ப வச்சது. செஞ்சவருக்கே தெரியல, நாளைக்கு மேடைக்குக் கீழ உக்காந்திருக்கவங்களுக்கா தெரியப்போகுது?"

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கைக்குத் தன் குஞ்சே அடையாளம் தெரியவில்லை.

அவர் விழித்த விழிப்பைப் பார்த்து மனைவி சிரித்தாள். சிரிப்பு நிற்க வெகுநேரமாயிற்று. கை வாய்ப்பக்கம் போகவே இல்லை.

பல்லுக்காரர் புதுப் பல்லைப் பார்க்கவில்லை. பழைய பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை எந்த விளக்கின் கீழ் செய்தோம் என்று யோசித்தார்.

அந்நாளில் பட்டறையில் குழல் விளக்கு இருந்ததில்லை. ஒரு ஜன்னல் இருந்தது.

தொழில் வளர்ந்து, பொருள்கள் பெருகி, இடம் போதாமல் போனபோது, அவர்தாம் அந்த ஜன்னலை மறைத்து அலமாரியை நிறுத்தினார்.

நண்பகல் வெயில் வெளியே கொட்டிக் கிடந்தது. உள்ளே மூன்று விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

பல்லுக்காரர் எழுந்துபோய், கதவு இடிக்காதபடி ஒதுங்கி நின்று, அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை மனைவி பிடித்தாள். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.