வரைபடம் திறக்கும்வரை

வேலை விடும் நேரமில்லை. ஆனாலும் தொழிற்சாலைச் சங்கு அலறியது. ஒருமுறை ஊதி நிற்கவில்லை. விட்டுவிட்டு அலறிக்கொண்டே இருந்தது. மண்சரிவு எச்சரிக்கை!

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை மலையிலேயே போட்டுவிட்டு ஓடினார்கள். கீழே அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்கு அல்ல. ஓடையைத் தாண்டி எதிர்மேட்டில் நின்ற பழைய துரை பங்களாவுக்கு. வெகுகாலமாக ஆளில்லாமல் கிடந்த வீடு. ஆபத்து என்றால் எல்லாரும் அங்கேதான் கூட வேண்டும் என்று தோட்டக் கமிட்டி எப்போதோ பேசி முடித்திருந்தது.

"வெள்ளைக்காரன் எடம் பாத்துக் கட்டினவன்டி. சரிவும் சகதியும் நமக்கு, கெட்டித் தரை அவனுக்கு," என்றபடி கருப்பம்மா பலகைத் தரையில் காலை நீட்டினாள். "முந்தியெல்லாம் இந்த வாசப்படியில நம்ம நெழலு விழ உட்ருப்பானுகளா?"

எல்லாரும் சிரித்தார்கள். செசிலி சிரிக்கவில்லை. அவள் புருஷன் லூக்காசும் காய்ச்சலில் கிடந்த மகள் ஷிரோமியும் இன்னும் லயத்தில் இருந்தார்கள்.

போனை எடுத்து அவனை அழைத்தாள்.

"நீங்க இன்னும் கெளம்பலையா?"

"பிள்ளைக்கு ஒடம்பு நெருப்பா கொதிக்குது. இந்த மழையில தூக்கிட்டு வரச் சொல்றியா?" லூக்காஸ் எரிந்து விழுந்தான். "போன கிழமையும் இப்படித்தான் ஊதுனானுக. ஈரத்துல கெடந்து காய்ச்சல் வாங்கினதுதான் மிச்சம். மல அசஞ்சிச்சா?"

"ஐயோ, சொன்னாக் கேளுங்க..."

"சங்கு ஊதும், எங்கன்னு சொல்லாது. அந்த டேப்ல நம்ம லயம் சிவப்புன்னு காட்டட்டும், அப்ப வர்றேன்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பதுளையிலிருந்து வந்த தொண்டு நிறுவனத்தார் மலை முழுக்கக் கருவிகளை நட்டிருந்தார்கள். ஏதாவது ஒன்று அசைந்தாலும் சங்கு ஊதிவிடும். அசைந்தது எந்த இடம் என்பதை அவர்கள் கொடுத்த டேப் என்ற கைக்கணினிதான் வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டும்.

அந்த டேப் கமிட்டிச் செயலாளர் அஜந்தன் கையில் இருந்தது. சிக்னல் கிடைத்த ஒரே ஜன்னலில் அதைச் சாமி படம்போல் தூக்கிப் பிடித்திருந்தான்.

"என்ன தம்பி, இன்னுமா?" செசிலி கேட்டாள்.

"மேப் தொறக்க மாட்டேங்குதுக்கா. மொதல்ல டேப்புக்கே அப்டேட் போடணுமாம். மாசக்கணக்கா போடாம உட்டுட்டோம்."

"இது டேப்பா, அம்மிக்கல்லா?" என்றாள் கருப்பம்மா.

திரையில் கோடு நத்தையாக ஊர்ந்தது. பாதியில் நின்றது. ஒருவழியாக முடிந்து, திரை இருண்டு, மறுபடி வெளிச்சம் வந்தது. அப்புறம்தான் வினை தொடங்கியது. உள்ளே இருந்த செயலிகளெல்லாம் தாங்களும் புதுசாக வேண்டும் என்று வரிசை கட்டின. முதலில் மிட்டாய் உடைக்கும் விளையாட்டு. அடுத்தது பாட்டு. வரைபடம் கடைசி. 'காத்திருக்கிறது' என்றது அதன் கீழே.

"உசுரக் காப்பாத்தக் குடுத்ததுல எவன்டா மிட்டாய் ஒடைச்சது?" என்று கேட்டாள் கருப்பம்மா.

அஜந்தன் காதைச் சொறிந்தான்.

காற்றில் சாரல் உள்ளே அடித்தது. செசிலி கதவைச் சாத்தப் போனாள். வந்தபோது ஒற்றைக் கையால் திறந்த கதவு, இப்போது நிலையில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. தோளால் முட்டிப் பார்த்தாள்.

"மழைக்குப் பலகை ஊதிப்போச்சு, உடுடி," என்றாள் கருப்பம்மா.

அப்போது மண்ணுக்குள்ளிருந்து 'கும்'மென்று ஒரு சத்தம் கேட்டது. எல்லாருடைய கண்களும் ஜன்னல் வழியாக லயத்தைத்தான் தேடின. பனிமூட்டம் கூரைகளை விழுங்கியிருந்தது.

செசிலியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. போனை எடுத்தாள்.

"சிவப்பு காட்டிருச்சுங்க! நம்ம லயம் பூரா சிவப்பு! மாதா மேல சத்தியமா சொல்றேன், பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடியாங்க!"

மறுமுனையில் லூக்காஸ் மகளை எழுப்பும் குரல் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

அஜந்தன் திகைத்துப் பார்த்தான். "அக்கா, இன்னும் ஒண்ணும் வரலியே..."

"வரும். நீ வாய மூடிக்கிட்டுப் பாரு."

வாசலிலேயே நின்றாள். ஜெபம் பாதியில் மறந்தது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். ஓடைப் பக்கம் பனிக்குள் ஓர் உருவம் அசைந்தது. லூக்காஸ்! தார்ப்பாயில் சுற்றிய மகள் அவன் தோளில். அவனுக்குப் பின்னால், சங்குக்கு அசையாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சட்டி பானையோடு வந்தார்கள்.

"நீ சொன்னதச் சொல்லி எல்லாரையும் இழுத்துக்கிட்டு வந்துட்டேன்," லூக்காஸ் மூச்சு வாங்கினான். "லயத்துல ஒரு குஞ்சு குருமான் இல்ல."

செசிலி மகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பொய்ச் சத்தியத்துக்கு மாதா கோயில் சாமியாரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். உயிர் வந்து சேர்ந்துவிட்டது.

டேப் சிணுங்கியது. வரைபடம் திறந்தது.

அஜந்தன் விரலால் படத்தைப் பெரிதாக்கினான். சிறிதாக்கினான். மறுபடி பெரிதாக்கினான்.

"என்னடா முழிக்கிற? லயம் சிவப்புதானே?" கருப்பம்மா அதட்டினாள்.

"லயம் பச்சைக்கா... சிவப்பு, நம்ம நிக்கிற இந்தப் பங்களா!"